கையெழுத்து போடச் சொன்னது நான்

நம் கடையில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும், வேறு கடைகளில் இதே வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கும் இதை எழுதுகிறேன். நான் பிளஸ் டூவோடு நின்றவள். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற சந்தில், மாடியில், இருபத்தாறு வருடம் டிடிபி வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, பேனர், ஸ்டிக்கர், கல்வெட்டு எழுத்து என்று எது வந்தாலும் அடித்திருக்கிறேன். ஃபைலின் தலையில் பிள்ளையார் சுழி போடாமல் எந்த வேலையையும் தொடங்கியதில்லை. அச்சுக்கு அனுப்பும் முன் அதை எடுத்துவிடுவேன். ஒருமுறை மறந்துபோய், ஒரு மருந்துக் கடையின் பில் புத்தகம் முழுக்க 'உ' அச்சாகி வந்தது. கடைக்காரர் அதை ராசி என்று வைத்துக்கொண்டார். எல்லாத் தப்பும் அப்படி ராசியாக மாறாது. மாறாத ஒன்றைத்தான் சொல்லப் போகிறேன்.

ஆங்கிலத்தில் எழுத்தின் தோளுக்கு மேலே ஒரு கொக்கி வரும். நாம் மேல்கமா என்போம். இது இன்னாருடையது என்று காட்டுகிற குறி. ஒருவருடையது என்றால் யாரும் தடுமாறுவதில்லை. பலருடையது என்று வரும்போதுதான் அந்தக் கொக்கியை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் போகிறது. ஆரப்பாளையத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். பெண்கள் விடுதிப் பலகைகளில் அது எஸ்ஸுக்கு முன்னால் இருக்கும், பின்னால் இருக்கும், சிலதில் இரண்டு பக்கமும் இருக்கும். ஒரு பலகையில் காக்கை உட்கார்ந்த மாதிரி எஸ்ஸின் தலைமேலேயே இருக்கும். அவற்றில் பாதி நான் அடித்தவை. பெருமைக்காகச் சொல்லவில்லை.

இப்போது உங்களுக்குக் கம்ப்யூட்டரே சிவப்புக் கோடு போட்டுக் காட்டுகிறது. நல்லதுதான். ஆனால் எதிரே நிற்கிறவர்கள் ஒருவரா பலரா என்று அந்தக் கோட்டுக்குத் தெரியாது. எனக்கும் தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

நான் வேலையை விடுவதற்கு நான்கைந்து வருடம் முன்பு, ஒரு வைகாசி மாதம். முகூர்த்த நேரம் என்பதால் கடையில் உட்கார இடமில்லை. அந்தக் கூட்டத்தில் பேச்சியம்மாள் என்று ஒரு பெண் வந்து நின்றார். திருவாதவூர் பக்கத்துக் கிராமம். முப்பத்தைந்து வயது இருக்கும். அங்கே பதினோரு குடும்பம் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். எல்லாரும் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். அவர்கள் வீட்டுப் பெண்பிள்ளைகள் பசுமலையில் கல்லூரியில் படித்தார்கள். மூன்று பஸ் மாறி வந்து, இருட்டிய பிறகு வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். அதற்காகப் பதினோரு குடும்பமும் பசுமலையில் ஒரு பழைய ஓட்டு வீட்டைப் பிடித்து, தாங்களே சுண்ணாம்பு அடித்து, பிள்ளைகள் தங்க ஒரு விடுதி ஆக்கியிருந்தார்கள். சங்கத்தின் செயலாளர் பேச்சியம்மாள். எட்டாவது வரை படித்தவர். ஆங்கில எழுத்துகளைக் கூட்டுவார், அர்த்தம் தெரியாது.

வாசலில் பதிக்க ஒரு கருங்கல். கல்லூரிக்காரர்களுக்குப் புரிய வேண்டும் என்பதால் ஆங்கிலத்தில். நோட்டுத் தாளில் யாரோ பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்: FARM WORKERS DAUGHTERS HOSTEL. கொக்கி ஒன்றுகூட இல்லை. அதைப் போட வேண்டியது என் வேலை. எஸ்ஸைப் பார்த்தால் அதற்கு முன்னால் ஒன்று மாட்டுவது என் கைப்பழக்கம். இரண்டு இடத்திலும் மாட்டினேன்: WORKER'S, DAUGHTER'S. புரூஃப் எடுத்து நீட்டினேன்.

"இங்க ஒரு கையெழுத்து போடும்மா."

"என்னன்னு போட்டிருக்குக்கா?"

"நீ குடுத்ததுதாம்மா. பாத்துக்க."

அவர் தாளை இரண்டு கையாலும் பிடித்துத் தூரத்தில் வைத்துப் பார்த்தார். "எழுத்து நல்லா பெருசா, அழகா இருக்குக்கா" என்றார். அடியில் நம் கடை வழக்கப்படி 'சரிபார்த்தேன், பிழைக்குக் கடை பொறுப்பல்ல' என்று ஒரு வரி இருக்கும். அதன் கீழே கையெழுத்துப் போட்டார். அவருக்குப் பின்னால் நான்கு பேர் நின்றார்கள். நான் அடுத்த தாளுக்குக் கை நீட்டிவிட்டேன்.

நாம் வெட்டிக் கொடுத்த ஸ்டிக்கரைக் கல்லில் ஒட்டி, பட்டறையில் காற்றோடு மணலைப் பீய்ச்சி அடித்து எழுத்தைக் குழித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கல் பசுமலைக்குப் போனது. பெண்கள் அதற்கு மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை காலையில் பால் காய்ச்சித் திறப்பு. கல்லூரி முதல்வர் வருவதாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பேச்சியம்மாள் மாடி ஏறி வந்தார். வெயிலில் முகம் கறுத்திருந்தது.

"அக்கா, கல்லு தப்பா இருக்காம்."

முந்தின நாள் பிள்ளைகளின் ஆங்கில டீச்சர் ஒருவர் அறைகளைப் பார்க்க வந்திருக்கிறார். கல்லைப் படித்துவிட்டு, ஒரே ஒரு கூலியாளின் ஒரே ஒரு மகளுக்கான விடுதி என்று இதற்கு அர்த்தம், முதல்வர் வருவதற்குள் மாற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

எங்கள் ஓனர் கெட்டவர் இல்லை. முப்பது வருடம் கடை நடத்தியவர், எத்தனையோ பேர் எழுதிக் கொடுத்ததையே இல்லை என்று சாதித்ததைப் பார்த்தவர். அவர் ஃபைலை எடுத்தார். புரூஃப் தாளைப் பேச்சியம்மாள் முன்னால் வைத்தார்.

"இது யாரு கையெழுத்தும்மா?"

"என்னுதுதாண்ணே."

"சரிபாத்தேன்னுதான போட்டிருக்கு? நான் என்ன செய்ய முடியும் சொல்லு. வேணும்னா அந்தக் கொக்கிக் குழியில பட்டி வச்சு, மேல கருப்பு அடிச்சுத் தரச் சொல்றேன். எட்ட இருந்து பாத்தா தெரியாது."

"கிட்டக்க இருந்து பாத்தா தெரியுமேண்ணே."

பேச்சியம்மாள் திரும்பி என்னைப் பார்த்தார். 'பாத்துக்க' என்று நான் சொன்னதை அவர் மறந்திருக்க மாட்டார். ஆனால் வாயைத் திறந்து அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். மறுத்துப் பேசியிருப்பேன்.

படி இறங்கும்போது நானும் கூடப் போனேன். பாதிப் படியில் நின்று சொன்னார்: "நாளைக்குச் சாயந்தரம் ஊர்ல கூட்டம் போட்டிருக்காகக்கா. ஆண்டிச்சாமி அண்ணேதான் தலைவரு. பொம்பளைய நம்பி இங்கிலீஷு வேலைய விட்டா இப்படித்தான்னு பேசிக்கிறாக. செயலாளரு வேலைய வாங்கிருவாக. அது போனாப் போகுது. விடுதிச் சாவி எங்கிட்ட இருக்கணும்க்கா. ராத்திரி ஒரு புள்ளைக்கு மேலுக்கு முடியலைன்னா ஒரு பொம்பளையத்தான கூப்பிட்டுச் சொல்லும்."

நான் தலையாட்டினேன். அவர் இரண்டு படி இறங்கிவிட்டு, திரும்பி, "டீச்சர் ஒண்ணு சொல்லிக் குடுத்தாக. ஒங்களுக்கு ஒதவும்னு மனசுல வச்சுக்கிட்டு வந்தேன்" என்றார்.

"என்ன?"

"யாருதோ, அந்த ஆளுக பேர மொதல்ல முழுசா எழுதி முடிக்கணுமாம். ஒருத்தருன்னா ஒருத்தரு, பத்துப் பேருன்னா பத்துப் பேரு. முடிச்சப்பறந்தான் கொக்கி. கொக்கிக்கு முன்னாடி எஸ்ஸு ஏற்கெனவே இருந்தா அம்புட்டுத்தான், இன்னொண்ணு வேண்டாமாம். இல்லைன்னா கொக்கிக்குப் பின்னாடி ஒண்ணு போடணுமாம்."

இருபது வருடம் ஆங்கிலம் அடித்த எனக்கு, ஆங்கிலம் படிக்கத் தெரியாத பெண், என் தப்பால் மாட்டிக்கொண்ட பெண், படிக்கட்டில் நின்று சொல்லிக் கொடுத்தார். நீங்களும் இதையே பிடித்துக்கொள்ளுங்கள். பெண்கள் பலர் என்றால் women, அந்தப் பேர் எஸ் இல்லாமலேயே முடிந்துவிடுகிறது, அதனால் கொக்கிக்குப் பிறகு எஸ். பிள்ளைகள் children, அதுவும் அப்படியே. பலராகும்போது எஸ்ஸில் முடிகிற பேர் என்றால் கொக்கி அதற்குப் பின்னால் தனியாக நிற்கும். இதைத் தவிர இதில் பெரிய வித்தை எதுவும் இல்லை.

அன்று சாயந்தரம் எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். செவ்வாய்தோறும் போகிறவள்தான். என்ன செய்ய வேண்டும் என்று சாமியிடம் கேட்டேன். சாமி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தீபாராதனை காட்டும்போது கண்ணை மூடினால், தாளைத் தூரத்தில் பிடித்துக்கொண்டு 'அழகா இருக்குக்கா' என்று சொன்ன முகம்தான் வந்தது. அதை வைத்துக்கொண்டு கும்பிட முடியவில்லை. விபூதியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவர்கள் ஊர்க் கூட்டத்துக்குப் போய் நடந்ததைச் சொல்லட்டுமா என்று வீட்டில் கேட்டேன். என் வீட்டுக்காரர், "வேலை போயிட்டா?" என்று கேட்டார். "போனா வேற கடை" என்றேன். "அப்ப என்கிட்ட எதுக்குக் கேக்குற?" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

புதன்கிழமை காலையில் ஓனர் சாமி படத்துக்குப் பூ வைத்து முடிக்கும் வரை நின்றேன்.

"அண்ணே, அந்தப் பொண்ணுக்குப் படிச்சுக் காட்டாம கையெழுத்து வாங்கினது நான். கொக்கி போட்டதும் நான். சாயந்தரம் அவுக ஊருக்குப் போயி அதைச் சொல்லிட்டு வாரேன்."

"ஒன்னைய யாரு கேட்டா?"

"யாரும் கேக்கலண்ணே."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "நீ போயிச் சொன்னா அந்தத் தாளு வெத்துத் தாளாயிரும். இந்த ஒண்ணு மட்டுமில்ல. இம்புட்டு வருசமா வாங்கி வச்சிருக்க அம்புட்டுக் கையெழுத்தும் வெத்துத் தாளாயிரும். நாளைக்கு எவன் வந்தாலும் எனக்குப் படிச்சுக் காட்டலம்பான். யோசிச்சுப் பேசு."

"படிக்கத் தெரியாதவுக போட்டது வெத்துத் தாளுதாண்ணே."

அவர் என்னைப் போகச் சொல்லவும் இல்லை, போக வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. நான்கு மணிக்கு என் பையை எடுத்தபோது மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டுத்தாவணி போய் பஸ் மாறினேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று கட்டி வைத்துக்கொண்டு போனேன். இறங்கும்போது ஒன்றும் நினைவில் இல்லை.

கூட்டம் அவர்கள் ஊர் மந்தையில், வேப்பமரத்தடியில். பத்திருபது பேர் இருந்தார்கள். பேச்சியம்மாள் ஓரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். தலைவர் ஆண்டிச்சாமிக்கு அறுபது வயதுக்குக் கிட்ட இருக்கும். வெள்ளைத் துண்டு. நான் யார் என்று கேட்டுவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

"கையெழுத்து போட்டது யாரு?" என்று அவர் கேட்டார். என்னைக் கேட்கவில்லை. பேச்சியம்மாளைக் கேட்டார்.

"போட்டது அவுகதாண்ணே" என்றேன் நான். "போடச் சொன்னது நான். என்ன எழுதியிருக்குன்னு அவுக கேட்டாக. நான் சொல்லல. நீ குடுத்ததுதான்னு சொன்னேன். அவுக குடுத்தது அது இல்ல. அவுக குடுத்ததுல நான் ரெண்டு எடத்துல கை வச்சேன்."

பின்னாலிருந்து ஒரு ஆள், "கடைக்காரவுகளே வந்து நாங்கதான் செஞ்சோம்னு சொல்றத இன்னைக்குத்தாம்ப்பா பாக்குறேன்" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஆண்டிச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப தப்பு எங்க ஆளு மேல இல்ல" என்றார்.

"இல்லண்ணே."

எங்க ஆளு என்று அவர் சொன்னதைப் பேச்சியம்மாள் கேட்டார். தலையைக் குனிந்துகொண்டார்.

அத்தோடு நான் பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் பையில் ஒரு வெள்ளைத் தாள் வைத்திருந்தேன். இந்த முறை கேட்டுவிட்டு எழுதுவது என்று முடிவு செய்திருந்தேன். ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லையும் எழுதி, அதைத் தமிழில் சொன்னேன். ஃபார்ம் ஒர்க்கர்ஸ் என்றால் காடு வயலில் வேலை பார்க்கிறவர்கள். ஒருத்தரா, பலரா?

"பதினோரு குடும்பம்" என்றார்கள்.

பேரை முழுசாக எழுதி முடித்தேன். அப்புறம் கொக்கி போட்டேன். அடுத்தது டாட்டர்ஸ். மகள்கள். உங்கள் மகள்களுடைய விடுதி. சரிதானே?

சரி என்று நாலைந்து குரல் வந்தது. அப்போது பின்வரிசையில் ஒரு பெண், கருப்பாயி என்று பெயர், கையைத் தூக்கினார். பள்ளிக்கூடத்தில் தூக்குகிற மாதிரி.

"எனக்கு மக இல்லைங்களே."

"அப்ப ஒனக்கு எதுக்கு விடுதி?" என்றான் முதலில் பேசிய அதே ஆள்.

"நீ செத்த சும்மா இருப்பா" என்று அவனை அடக்கிவிட்டுக் கருப்பாயி சொன்னார்: "எங்கண்ணன் மகளத்தான் நான் வளக்குறேன். அண்ணனும் இல்ல, மதினியும் இல்ல. அவதான் அங்க படிக்கிறா. அவ எனக்கு மக மொறை இல்லைங்க, மருமக மொறை. நாளைக்கு எவனாச்சும் கல்லப் பாத்துட்டு, இது மகளுகளுக்குத்தான, மருமகளுக்கு எங்க எழுதியிருக்குன்னு கேட்டா?"

"மருமகளுகளுக்குத் தனியா ஒரு விடுதி கட்டிருவோம்" என்று யாரோ சொல்ல, கூட்டம் முழுக்கச் சிரித்தது. கருப்பாயி சிரிக்கவில்லை. அவர் பக்கத்தில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். பதினெட்டு வயது. அவளும் சிரிக்கவில்லை. மடியில் இருந்த நோட்டின் ஓரத்தை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகளே, இதைக் கவனியுங்கள். கொக்கியில் இருந்த தப்பை ஆங்கில டீச்சர் பார்த்ததும் கண்டுபிடித்தார். இந்தத் தப்பை எந்த டீச்சரும் கண்டுபிடித்திருக்க முடியாது, எந்தக் கம்ப்யூட்டரும் கோடு போட்டிருக்காது. இலக்கணப்படி எல்லாம் சரியாக இருந்து, கொக்கிகள் சரியான இடத்தில் உட்கார்ந்து, ஒரு பெண்ணை மட்டும் வெளியே நிறுத்தியிருக்கும். தமிழில் சொல்லிக் கேட்டதால்தான் அந்தத் தப்பு தெரிய வந்தது.

சிரிப்பு அடங்கியதும் ஆண்டிச்சாமி அந்தப் பெண்ணைப் பார்த்தார். பிறகு என்னிடம், "பொம்பளப் புள்ளைகன்னு பொதுவா எழுத முடியுமா?" என்று கேட்டார்.

"முடியும்ணே."

"அப்ப அதைப் போடுங்க. கல்லு எப்படியும் மாத்தத்தான போறோம்."

GIRLS என்று முழுசாக எழுதி முடித்து, பின்னால் கொக்கி போட்டேன். தாளைப் பேச்சியம்மாளிடம் கொடுத்தேன். அவர் உடனே கையெழுத்துப் போடவில்லை. "இன்னொருக்கா சொல்லுங்கக்கா, ஒவ்வொண்ணா" என்றார். சொன்னேன். ஒவ்வொரு சொல்லுக்குக் கீழேயும் அவர் தமிழில் எழுதிக்கொண்டார். எழுதி முடித்து, அதைக் கூட்டத்துக்குச் சத்தமாகப் படித்தார். அப்புறம்தான் போட்டார். செயலாளரை மாற்றுகிற பேச்சை அன்றைக்கு யாரும் எடுக்கவில்லை.

கல்லை ஓனர்தான் மாற்றிக் கொடுத்தார். அதற்காக மூன்று மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, எல்லாம் சீட்டு எழுதித்தான் வந்தது. ஆனால் ஆடி மாதத்தில் ஒருநாள் புரூஃப் தாளின் அடியில் இருந்த பழைய வரியை எடுக்கச் சொல்லிச் சீட்டு அனுப்பினார். அந்த இடத்தில் இரண்டு வரி: 'படித்துக் காட்டியவர்', அதன் கீழே 'கேட்டுக்கொண்டவர்'. முதல் கையெழுத்து நம்முடையது. நீங்கள் இப்போது தினமும் போடுகிறீர்களே, அது அப்படி வந்தது. அவசரத்தில் அந்த முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் படிக்காமல் தாளை நீட்டுகிறீர்கள் என்று கேள்விப்பட்டுத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். செய்யாதீர்கள். பின்னால் பத்துப் பேர் நிற்கட்டும். நிற்கிறவர்களுக்குக் கால் வலிக்கும், அவ்வளவுதான்.

புதுக் கல் பத்து நாள் ஆகும் என்று பட்டறையில் சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை திறப்பைத் தள்ளிவைக்க அவர்களுக்கு மனமில்லை. நானும் போயிருந்தேன். மஞ்சள் தடவிய பழைய கல்லை வீசவும் முடியாமல் வைக்கவும் முடியாமல், முந்தின நாளே பட்டறைக்கு ஏற்றிவிட்டிருந்தார்கள். வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் சிமெண்டு பூசிய ஒரு சதுரம் மட்டும் வெறுமையாக இருந்தது. பெண்பிள்ளைகள் பெட்டி படுக்கையோடு நின்றார்கள். கருப்பாயியின் மருமகளும் ஒரு தகரப் பெட்டியோடு நின்றாள்.

கல்லூரி முதல்வர் காரிலிருந்து இறங்கி, வாசலைப் பார்த்து, அந்தச் சதுரத்தைப் பார்த்தார்.

"போர்டு எங்கம்மா?"

ஆண்டிச்சாமி பக்கத்தில்தான் நின்றார். அவர் பேச்சியம்மாளைப் பார்த்தார்.

"வருது சார்" என்றார் பேச்சியம்மாள். "தப்பா எழுதியிருந்துச்சு. திருப்பி அனுப்பிட்டோம்."

சொல்லிவிட்டு இடுப்பிலிருந்த சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார். உள்ளே அடுப்பு காத்திருந்தது. பால் சட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் போக, பிள்ளைகள் பின்னால் போனார்கள்.